ரிசல்ட்டுக்கு முன்னாடியே பாஸ்

பிளேஸ்மெண்ட் சீசன் வந்துவிட்டால் நம்ம ஃபைனல் இயர் பசங்க முகமே மாறிவிடுகிறது. ஃபார்மல் ஷூ வாங்க தி.நகருக்கு ஒரு படையெடுப்பு. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஆஃபர் வந்தவன் போடுவான், வராதவன் அதைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருப்பான். மூணு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ரெண்டு பேரை ஒரு எக்ஸெல் ஷீட் 'தேறியவன், தேறாதவன்' என்று பிரித்துவிடுகிறது. வீட்டிலும் சொந்தக்காரங்க கேட்பது ஒரே கேள்விதான்: "பேக்கேஜ் எவ்வளவுப்பா?"

இந்த மாதங்களில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் நம்ம பசங்களை நிறையப் பார்க்கலாம். எல்லா மதத்துக்காரங்களும் வருகிற இடம் அது. மெழுகுவர்த்தி ஏத்துறதுல எந்தத் தப்பும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அங்கே போயும் நாம் கேட்பது மனுஷங்க அங்கீகாரத்தைத்தான். 'அவங்க என்னை எடுத்துக்கணும், நீ கொஞ்சம் சொல்லு சாமி.' கடவுளே நமக்கு ஒரு எம்ப்ளாயி ரெஃபரல் மாதிரி ஆகிவிடுகிறார்.

கிறிஸ்தவ விசுவாசம் சொல்கிற வரிசையே வேற. இயேசு யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்துக் கரையேறியபோது, இவர் என் மகன், இவரால் எனக்குச் சந்தோஷம் என்கிற அர்த்தத்தில் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது என்கிறது சுவிசேஷம். அதற்கு முன் அவர் ஒரு அற்புதமும் செய்ததாக அங்கே எழுதியிருக்கவில்லை. ஒரு சீடன்கூட இல்லை. வனாந்தரத்துச் சோதனை அதற்கு அப்புறம்தான் வருகிறது. அதாவது ரிசல்ட் முதலில், எக்ஸாம் பிறகு. சகேயு கதையும் அப்படித்தான். அவன் திருந்துவதாகச் சொல்வதற்கு முன்னாடியே இயேசு 'உன் வீட்டுக்கு வரேன்' என்கிறார். ஊரே முணுமுணுத்தது.

"இதெல்லாம் மனசைத் தேத்திக்கிற கதை மச்சான்" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் சொன்னான். நியாயமான கேள்விதான். அவனுக்கு நான் சொல்ல நினைப்பது எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பற்றி.

1827-ல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல தமிழ்ப் புலமை, சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை, கல்யாணமும் ஆகியிருந்தது. 1858-ல் இதே மயிலாப்பூரில், தூய தோமா ஆலயத்தில், முப்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். அந்தக் காலத்தில் அதன் விலை என்ன என்று நமக்கு லேசில் புரியாது. உறவு, சாதி சனம், பந்தியில் உட்காரும் இடம் எல்லாமே ஆட்டம் காணும். வெறும் ஆறுதல் தேடுகிறவன் கையில் இருக்கிற ஆதரவை விடமாட்டான். அவருக்கு இருந்தது முழுசா ஏத்துக்கப்பட்ட ஒரு வாழ்க்கை. அதைத்தான் பணயம் வைத்தார்.

1894-ல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், 1678-ல் ஜான் பனியன் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீங்க) எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவிய தமிழ்க் காப்பியம். பனியனின் கதாநாயகன் வீட்டார் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான், முதுகில் ஒரு பாரம். அந்தப் பாரம் பயணத்தின் முடிவில் விழுவதில்லை. வழியிலேயே, சிலுவையருகே விழுந்துவிடுகிறது. மேடு, பள்ளம், மாயச்சந்தை எல்லாம் அதற்கப்புறமும் பாக்கி. சந்தை என்றதும் எனக்குத் தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருதான் ஞாபகம் வரும், ஆனால் அந்தச் சந்தையில் பேரம் பேசப்படுவது பட்டமும் பெயரும்கூட.

இவ்வளவு சொல்லிவிட்டு நம்ம சர்ச் இளைஞர் கூட்டங்களை விட்டுவிட்டால் அது நேர்மை இல்லை. அங்கேயும் ஒரு லிஸ்ட் இருக்கு. யார் சத்தமா ஜெபிக்கிறாங்க, யார் கொயரில் முன் வரிசை, யார் கிட்டார். மனுஷ அங்கீகாரத்தை விட்டு வாங்க என்று கூப்பிட்டுட்டு இன்னொரு ஆடியன்ஸ் முன்னாடி நிறுத்திவிடுகிறோம். பிளேஸ்மெண்ட் சீசனில் சாட்சி சொல்லக் கூப்பிடுவது யாரை? ஆஃபர் வந்தவனை. வராதவனை மைக் முன்னாடி நான் பார்த்ததே இல்லை. ரிசல்ட்டுக்கு முன்னாடியே பாஸ் என்பதுதான் நம்ம நம்பிக்கை என்றால் அவனுக்கும் சொல்ல ஏதாவது இருக்கணுமே.

இந்த செமஸ்டரில் ஒரு ஞாயிறாவது அப்படி ஒருத்தரைக் கூப்பிடுங்கள். ஆள் கிடைக்கலைன்னா நான் வரேன். எனக்கு இன்னும் ஆஃபர் வரலை.