பொட்டிப்புரம் முதல் பனிக்கடல் வரை: ஆராய்ச்சியின் சாவி யார் கையில்?

தேனி மாவட்டத்தில் 'ஆராய்ச்சி' என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பொட்டிப்புரம்தான். போடி மேற்கு மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து, உள்ளே 50,000 டன் காந்த இரும்புக் கருவியை நிறுவி, நியூட்ரினோ துகள்களை ஆராய்வது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இதற்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

அதன் பிறகு நடந்தது நீண்ட வழக்கு. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு 5 கிலோமீட்டருக்குள் இடம் அமைந்திருப்பதால், 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் பதில் மனு தாக்கல் செய்தது. புலிகளின் வழித்தடம் அதில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நாம் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம் உடலைக் கடந்து செல்கின்றன. அவற்றால் தீங்கு இல்லை. கதிர்வீச்சு வரும் என்று ஊரில் பரவிய அச்சத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பது, மலையின் நீரோட்டம், விலங்குகளின் பாதை, மேய்ச்சல் நிலம் ஆகியவை பற்றிய கேள்விகள் நியாயமானவை. விஞ்ஞானிகள் வந்து விளக்கினார்கள் என்பதும் உண்மையே. என்ன ஆராய்வது, எங்கே ஆராய்வது என்பதெல்லாம் முடிவான பிறகே அந்த விளக்கம் ஊருக்கு வந்தது. நம்பிக்கை உடைந்த இடம் அதுதான்.

பனிநாட்டில் என்ன செய்தார்கள்?

இதே மனக்குறை உலகின் வடகோடியிலும் இருந்தது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அந்நாட்டில் சுமார் 70,000 பேர். பருவநிலை மாற்றத்தை ஆராய ஆண்டுதோறும் அங்கே வெளியூர் அறிஞர்கள் வருவார்கள்; அளப்பார்கள்; போய்விடுவார்கள். கட்டுரையும் பட்டமும் நிதியும் தெற்கே உள்ள பல்கலைக்கழகங்களுக்குச் சேரும். பனி உருகும் ஊரில் எதுவும் தங்காது.

2018-இல் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான 'இனுயிட் தபிரீட் கனாதமி' தன் ஆராய்ச்சிக் கொள்கையை வெளியிட்டது. அதன் ஐந்து கோரிக்கைகள் எளிமையானவை: ஆராய்ச்சியை நிர்வகிப்பதில் எங்களுக்கு இடம் வேண்டும். நெறிமுறை வேண்டும். நிதி எங்கள் தேவைக்கு ஏற்பச் செலவாக வேண்டும். தரவுகள் எங்கள் கையில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும். பின்னர் இனுயிட் மக்களே நிர்வகிக்கும் தனி ஆராய்ச்சி நிதித் திட்டமும் உருவானது.

இதற்கு நல்ல உதாரணம் 'ஸ்மார்ட்ஐஸ்'. கடல் பனியின் கனத்தை அளக்கும் கருவிகளை இனுயிட் இளைஞர்களே இயக்குகிறார்கள். சறுக்கு வண்டியில் கருவியைக் கட்டி இழுத்துச் சென்று, எந்தப் பாதை பாதுகாப்பானது என்று ஊருக்குச் சொல்கிறார்கள். வேட்டைக்குப் போகும் பெரியவர்களின் பட்டறிவும் கருவியின் கணக்கும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. சம்பளம் ஊரில் தங்குகிறது, உயிரும் தப்புகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் கேள்விகள்

நம் பள்ளத்தாக்கிலும் விடை தேடும் கேள்விகள் நிறைய உண்டு. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள், மருந்தடிக்கும் செடிகளுக்கு நடுவே நாள் முழுதும் நிற்கிறார்கள். அவர்கள் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுப்பது யார்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு மழை தவறும்போது என்ன ஆகிறது என்று விவசாயியின் குறிப்பேட்டிலிருந்து எழுதுவது யார்? முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தைத் தினமும் கவனிக்கும் பாசன விவசாயிகளின் அனுபவம் எந்த ஆவணத்தில் இருக்கிறது? காட்டில் மலைமாடு மேய்ப்பதற்கான தடைகள் பற்றிய வாதத்தில், தலைமுறைகளாக மேய்த்தவர்களின் அறிவு எங்கே பதிவானது? 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தார்கள். அந்த மலையை அறிந்த முதுவர், பளியர் மக்களிடம் காட்டுத்தீயைப் பற்றிக் கேட்டுப் பாடம் படிக்கிறோமா?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்கள் நல்ல பணி செய்கின்றன. அந்தப் பணியில் ஊர் மக்கள் தகவல் தருபவர்களாக மட்டும் நிற்காமல், கேள்வியை முடிவு செய்பவர்களாகவும் அமர வேண்டும் என்பதே நம் வாதம்.

வழி இருக்கிறது

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு எங்கே என்று கிராம சபையில் கேளுங்கள். அதை எழுத ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் ஊதியமும் கேளுங்கள்.

நிதியைப் பொறுத்தவரை இனுயிட் மக்களுக்கும் பெரும்பகுதி கனடா அரசிடமிருந்தே வருகிறது. வேறுபாடு, அதைச் செலவிடும் முடிவில் அவர்களுக்கு இடம் உண்டு என்பதே. நமக்கும் அரசு நிதியைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அத்துடன், கொடுக்கும் மரபும் இருக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-இல் தொடங்கப்பட்டபோது, பட்டப்படிப்பு ஊருக்கே வந்தது. அன்று வகுப்பறை கட்டக் கொடுத்த சமுதாயம், இன்று ஒரு மாணவி தன் ஊர்க் கிணற்றுநீரையோ ஏலத்தோட்டத் தொழிலாளியின் நலத்தையோ மூன்றாண்டு ஆராய்வதற்கான உதவித்தொகையும் கொடுக்கலாம். பயன் நிலைத்து நிற்கும் தர்மத்தில் கல்விக்கு என்றும் இடம் உண்டு.

அடுத்த முறை ஒரு ஆராய்ச்சித் திட்டம் இந்தப் பள்ளத்தாக்குக்கு வரும்போது, ஆதரவா எதிர்ப்பா என்று அணி பிரிவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்போம்: கேள்வியை முடிவு செய்தது யார்? பணம் யார் கையில்? பயிற்சி யாருக்கு? முடிவுகள் யாரிடம் இருக்கும்? இவற்றுக்கு நேரான பதில் சொல்லும் திட்டத்தை நாமே முன்னின்று வரவேற்போம்.