வியட்நாம் ஏரியும் வீராணம் ஏரியும்

போன மாதம் என் இளையவன் குடும்பத்தோடு வியட்நாம் போய் வந்தான். இப்போதெல்லாம் திருச்சியிலிருந்தே அந்த நாட்டுக்கு விமானம் இருக்கிறது. வந்ததும் வராததுமாக ஃபோனை நீட்டினான். ஹனோய் நகரத்து நடுவில் ஹோவான் கியெம் என்று ஓர் ஏரி.

"காசே கிடையாதுப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் ஏரியச் சுத்தி வண்டியே விடமாட்டாங்க. நடந்துகிட்டே இருக்கலாம். ரோட்டோரம் குட்டி ஸ்டூல் போட்டு ஐஸ் டீ குடுக்கறாங்க, அதுவும் சல்லிசு."

எனக்குச் சுருக்கென்றது. ஏரிக்கரையில் சும்மா நடக்க விமான டிக்கெட்டா? "ஏண்டா, நீ பொறந்து வளந்ததே வீராணத்துக்குப் பக்கத்துலதானே?" என்றேன். "அங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

29 வருடம் கண்டக்டராக இந்தப் பக்கத்து ரோடுகளில் டிக்கெட் கொடுத்தவன் நான். என்ன இருக்கிறது என்று என்னிடமா கேட்பது? அவன் குளித்துவிட்டு வந்ததும் பிடித்து உட்காரவைத்து ஆரம்பித்தேன்.

வீராணம் ஆயிரம் வருடத்து ஏரி. பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் வெட்டி, அப்பாவின் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதையே ஏரிக்கு வைத்தான். நீளம் 14 கிலோமீட்டருக்குக் குறையாது. கல்கி தன் பொன்னியின் செல்வனை ஓர் ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கரையில்தான் தொடங்குகிறார். 2004லிருந்து சென்னைக்காரர்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீர்தான். 47.50 அடி நிரம்பி நிற்கிற மார்கழிச் சாயங்காலத்தில் பூதங்குடிப் பக்கம் கரையில் நின்று பார்க்க எவனும் டிக்கெட் கிழிப்பதில்லை.

பஸ் ஏறினால் கங்கைகொண்ட சோழபுரம். உலகப் பாரம்பரியச் சின்னம், ஆனாலும் உள்ளே போகக் கட்டணம் கிடையாது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் வாங்குகிற அதே தொல்லியல் துறைதான் இங்கேயும். விருத்தாசலம் போனால் பழமலைநாதரையும் படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரையும் பார்த்துவிட்டு, பீங்கான் பொம்மை நாலு வாங்கி வந்தாலும் பர்ஸ் அப்படியே இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கோயில் தூண்களை அவசரமில்லாமல் பார்க்க ஒரு பகல் வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசித்து வந்தவனிடம் ஊர், பெயர்கூடக் கேட்காமல் சோறு போடுகிறார்கள்.

மகன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த வீட்டம்மாதான் என்னைக் கவிழ்த்தது. "எல்லாம் இருக்குங்க. பொம்பளைங்க ஒண்ணுக்குப் போக எங்க இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை.

அவளுக்கு வயது 64. சர்க்கரை உண்டு. வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள். காப்பியும் அரை டம்ளர்தான். இத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மூத்திரப் பையில் கிருமி சேர்ந்து மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. "வெளில போனா தண்ணி குடிக்காம இருப்பீங்களா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அதற்கப்புறம் அவள் எங்கேயும் வருவதில்லை. நான் மட்டும் தினம் ஏரிக்கரைக்குப் போய், காற்று வாங்கி, வந்து இந்த பிளாகில் எழுதுகிறேன்.

வேலையில் இருந்தபோதும் இப்படித்தான். வண்டி எங்கேயாவது நின்றால் ஆண்கள் எல்லாம் மறைவாகப் போய் வருவோம். ஜன்னலோரத்தில் ஏதாவது ஒரு பாட்டி, "தம்பி, அடுத்து எங்க நிக்கும்?" என்று கேட்கும். "இதோ வந்துடும் பாட்டி, உக்காருங்க" என்பேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று 29 வருடமும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் மகனின் ஃபோனை வாங்கி மறுபடி பார்த்தேன். ஹோவான் கியெம் ஏரி நம் வீராணத்தின் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் படத்துக்குப் படம் என் வீட்டம்மா வயதுப் பெண்கள். விடியற்காலையில் வரிசையாக நின்று கையைக் காலை நீட்டுகிறார்கள், மரத்தடி பெஞ்சில் கூட்டமாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எவள் முகத்திலும் வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. நான் நடக்கிற கரையில் ஒரு கிழவி உட்கார்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

இலவசம் இலவசம் என்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல காரியம், டிக்கெட் கொடுத்தவன் என்ற முறையில் மனசாரச் சொல்கிறேன். ஆனால் காசில்லாமல் ஏறி, இறங்கின இடத்தில் இரண்டு மணி நேரம் இருக்க முடியாவிட்டால் அந்தப் பயணம் எதற்கு? (கிழவன்களுக்குச் சென்னையில் மாதம் பத்து டோக்கன் உண்டு, நமக்கு அதுவும் இல்லை. 2020இல் நிறுத்திய ரயில் சலுகையைப் பற்றித் தனியாகத் திட்டி எழுதுகிறேன்.)

டீக்கடையில் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற சிநேகிதர் ஒருவர், "பத்து ரூபா டிக்கெட் போட்டா தானா சுத்தமா வெச்சிருப்பாங்க" என்றார். நான் இதற்கு ஒப்பமாட்டேன். டிக்கெட் போட்டால் முதலில் வருவது கேட், அப்புறம் பார்க்கிங் டோக்கன், அதற்கப்புறம் சிமெண்ட் டைனோசர். கக்கூஸ் கடைசியில்தான் வரும், அதுவும் பூட்டோடு வரும். தினம் காலையில் வருகிற கிழவி மாதம் முந்நூறு ரூபாய்க்கு எங்கே போவாள்? டிக்கெட் இல்லாமல் ஓர் இடத்தை நடத்த முடியாது என்பவர்கள் வடலூர் அடுப்பைப் போய்ப் பார்க்கட்டும்.

இன்னொருவர், "வயசான பொம்பளைங்க வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்றார். அவர் மட்டும் தினம் நாலு மணி நேரம் அந்த டீக்கடையில்தான் இருக்கிறார்.

இரண்டு தடவை மனு கொடுத்தாயிற்று. ஓர் அலுவலகத்தில் "கரை எங்களோடது இல்ல" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "ரோடு மட்டும்தான் எங்களோடது" என்றார்கள். கரையும் இல்லை, ரோடும் இல்லை என்றால் நான் நடப்பது எதன்மேல் என்று தெரியவில்லை.

நான் கேட்பது பூங்கா இல்லை. இசை நீரூற்று வேண்டாம். ஐ லவ் சேத்தியாத்தோப்பு என்று விளக்குப் போட்ட எழுத்தும் வேண்டாம். நிழலில் நாலு பெஞ்ச். தண்ணீர் வருகிற, உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற இரண்டு கழிப்பறை. அதைத் தினம் கழுவ ஒரு ஆள், அவருக்கு ஒழுங்கான சம்பளம். பெஞ்சில் உபயம் என்று போட்டுத் தாத்தா பெயரிலிருந்து பேரன் பெயர் வரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். டியூப்லைட்டில் எழுதினால் வெளிச்சம் மறையும், பெஞ்சில் எழுதினால் உட்காருவதற்கு இடைஞ்சல் இல்லை.

வருகிற திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மூன்றாவது மனு கொடுக்கப் போகிறேன். இந்தத் தடவை முதல் கையெழுத்து வீட்டம்மாவுடையது. உங்கள் வீட்டுப் பெண்களின் கையெழுத்து வேண்டும், உங்களுடையது அப்புறம். ஞாயிறு சாயங்காலம் வரை பேப்பர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும்.