தாம்பூலத் தட்டில் வைக்கத் தக்கவை

நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. கொலு வைக்கும் இல்லங்களில் இப்போதே அந்தக் கேள்வி எழுந்திருக்கும்: இவ்வாண்டு தாம்பூலத்துடன் என்ன பரிசு வைத்துக் கொடுப்பது? வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் இவற்றில் ஐயமில்லை. அவற்றோடு சேரும் சிறு பொருளில்தான் தடுமாற்றம். கடைவீதிக்குப் போனால் பிளாஸ்டிக் டப்பாக்கள் வண்ண வண்ணமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. விலை மலிவு, அறுபது வேண்டுமா, நூறு வேண்டுமா, உடனே கிடைக்கும்.

அந்த டப்பாக்கள் பிறகு எங்கே போகின்றன? நம் வீட்டுப் பரணில் ஏறும். அல்லது அடுத்த வீட்டுக் கொலுவுக்கு நாம் கொடுக்கும் பரிசாக உருமாறும். மூன்று தெரு சுற்றி, விஜயதசமிக்குள் நம்மிடமே திரும்பி வந்த டப்பாக்களும் உண்டு. வங்கியில் 35 ஆண்டுகள் கழித்த எனக்கு, இது பழைய நோட்டுப் புழக்கத்தைத்தான் நினைவூட்டும். நோட்டுக்காவது மதிப்பு உண்டு. கைமாறும் இந்த டப்பாவை யாரும் பயன்படுத்துவதில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 ரூபாய்க்கு வாங்கிய டப்பா ஒருநாளும் பயன்படாமல் போனால், 40 ரூபாயும் நட்டம். 150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பொருளைப் பெற்றவர் ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் எடுத்துப் பயன்படுத்தினால், ஒரு நாளைக்குப் பத்துப் பைசாகூட ஆவதில்லை. அறுபது பேருக்கு 150 ரூபாய் கட்டுப்படியாகாது என்பது உண்மையே. எல்லோருக்கும் ஒரே பரிசு கொடுக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. பலருக்கு நல்ல பருத்தித் துணியில் ஒரு ரவிக்கைத் துண்டு, நெருங்கிய சிலருக்கு நீடித்து உழைக்கும் ஒரு பொருள் என்று பிரித்துக்கொண்டால் செலவு கைக்கு அடங்கும்.

அத்தகைய பொருளை எங்கே தேடுவது? நம் இதழின் வாசகர்களில் பலர் ஆண்டுக்கு ஒருமுறையாவது திருநெல்வேலிச் சீமைக்கு யாத்திரை செல்பவர்கள். நவகைலாயம், நவதிருப்பதி, திருச்செந்தூர் என்று தாமிரபரணிக் கரையோரமாகவே அந்தப் பயணம் அமையும். திரும்பும்போது அல்வாவோடு சில பிளாஸ்டிக் பொம்மைகளும் பையில் ஏறிவிடுகின்றன. அந்தப் பொம்மைகளுக்கும் அந்த மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதே வழியில், அந்த ஆற்றங்கரையில் விளைந்ததைக் கொண்டே கைகளால் செய்யப்படும் பொருட்கள் இருக்கின்றன.

முதலில் பத்தமடை. நவகைலாயங்களில் ஒன்றான சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள ஊர். ரிஷிகேசத்தில் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887-ஆம் ஆண்டு பிறந்ததும் இங்கேதான். ஆற்றங்கரையில் வளரும் கோரைப் புல்லைப் பசுமையாக அறுத்து உலர்த்துகிறார்கள். பிறகு ஓடும் நீரில் பல நாட்கள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்தெடுக்கிறார்கள். பாவுக்குப் பருத்தி நூல், உயர்ந்த பாய் என்றால் பட்டு நூல், ஊடைக்குக் கோரை. தறி தரையோடு தரையாக இருக்கும். மிக நுண்ணிய பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தொட்டால் துணியோ என்று ஐயுறும்படி அத்தனை மென்மையாக இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது.

மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய் பத்தமடையின் தனிச் சிறப்பு. இந்து இல்லத் திருமணங்களுக்கு அந்தப் பெயர்களை நெய்து தருபவர்கள் பெரும்பாலும் அவ்வூர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த உறவை யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை.

முழங்கால் வலியோடு இருக்கும் நம் வயதினருக்குப் பாய் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கீழே அமர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. உணவு மேசையில் விரிக்கும் சிறு விரிப்பு, கைப்பை என்று அதே கோரையில் பலவும் செய்கிறார்கள். பூஜை அறையில் நாற்காலி போட்டு அமர்ந்து ஜபம் செய்பவர்கள் அந்தச் சிறு விரிப்பை இருக்கையில் போட்டுக்கொள்ளலாம். கோடையில் முதுகும் தொடையும் வேர்க்காது.

வாங்கும்போது ஒரு விழிப்பு வேண்டும். கோரைப் பாய் போலவே தோன்றும் பிளாஸ்டிக் பாய்களும் கடைகளில் அருகருகே தொங்குகின்றன. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். கோரை நாராகப் பிரியும். பிளாஸ்டிக் வெறுமனே வளையும். முகர்ந்தால் புதுக் கோரையில் உலர்ந்த புல்லின் மணம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பின் பாயை மடிக்காமல் சுருட்டியே வைக்க வேண்டும். மடித்த இடத்தில் கோரை முறியும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் அம்பாசமுத்திரம். பேரக் குழந்தைகளுக்கு இங்கிருந்து மரச் செப்புச் சாமான் வாங்கலாம். கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிய அடுப்பு, குடம், உரல், ஆட்டுக்கல் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். மின்கலம் தீர்ந்து ஒரு வாரத்தில் மூலையில் கிடக்கும் பொம்மையைவிட இது எத்தனையோ மேல். கொலுப் படியிலும் வைக்கலாம். சற்றுப் பெரிய வடிவங்களாகவே வாங்குங்கள். மிகச் சிறியவற்றைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

கிழக்கே திருச்செந்தூர்ப் பக்கம் வந்தால் அது பனை நாடு. உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் நீங்கள் அறிந்ததே. சில்லுக் கருப்பட்டியைச் சிறு ஓலைப் பெட்டியில் வைத்து விற்பார்கள். கருப்பட்டி தீர்ந்த பின்னும் பெட்டி நிற்கும். விபூதிப் பொட்டலம், திரி, கற்பூரம் வைக்கப் பொருத்தமான அளவு. ஒரே விலையில் உண்ணவும் வைத்துக்கொள்ளவும் ஆகிற இதைவிடச் சிறந்த தாம்பூலப் பரிசை நான் கண்டதில்லை. கடற்கரைச் சிற்றூரான மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் முடையும் மூடி போட்ட பெட்டிகளும் கூடைகளும் நகரத்து அங்காடிகளில் விற்கும் எந்த அலங்காரப் பெட்டிக்கும் அழகில் குறைந்தவை அல்ல. செட்டிநாட்டுக் கொட்டான்களும் இதே இனத்தவை. காரைக்குடிப் பக்கம் செல்பவர்கள் அங்கே வாங்கலாம். ஓலைப் பெட்டிக்கு ஈரம்தான் பகை. தேங்காயையும் நனைந்த வெற்றிலையையும் அதற்குள் வைத்துக் கொடுக்காதீர்கள். அவற்றுக்குத் துணிப்பை இருக்கட்டும்.

பனையைப் பற்றி ஒரு சொல். அது நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஓலையும் பதநீரும் வாங்குவாரின்றிப் போனால், ஏறுவதற்கு ஆள் வரமாட்டார். ஏற ஆளில்லாத மரம் நிலத்துக்காரருக்குச் செங்கல் சூளை விறகாகத்தான் தோன்றும். ஒரு பெட்டியின் விலையில், ஓலை வெட்டுபவருக்கும் ஈர்க்கு நீக்குபவருக்கும் முடைபவருக்கும் கூலி இருக்கிறது. பேரம் பேசும்போது இதை நினைவில் கொள்ளலாம். ஐம்பது லட்சம் கடனுக்கு ஒப்புதல் கேட்டு வந்தவர்களிடம் கண்ட பணிவை, பத்து ரூபாய் குறைக்கச் சொல்லும் நம்மவர்களிடம் நான் கண்டதில்லை.

துணிப்பை என்றேன், அதிலும் ஒரு மயக்கம் உள்ளது. துணி போலவே தோன்றும் மெல்லிய வண்ணப் பைகள் பலவும் நெய்யப்படாதவை. பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளை அழுத்தி ஒட்டியவை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பொருட்களில் அவையும் அடங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுக்கும் குறுக்குமாக நூல் ஓடினால் துணி. நூலே தெரியாமல் சிறு சிறு புள்ளி அழுத்தங்கள் மட்டும் தெரிந்தால் பிளாஸ்டிக். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் தேங்காயும் பழமும் போட்டுக் கொடுத்த மஞ்சள் பையை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கி அதை நினைவூட்டியது.

வெள்ளி போல மின்னும் ‘ஜெர்மன் சில்வர்’ குங்குமச் சிமிழ்களைப் பற்றிச் சில அன்பர்கள் கேட்கிறார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. வெள்ளி துளியும் கிடையாது. உலோகம் என்பதால் உழைக்கும், கொடுப்பதில் தவறில்லை. வெள்ளி என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

யாத்திரை செல்ல இயலாதவர்கள் சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விசாரிக்கலாம். மற்ற பெரிய நகரங்களிலும் கிளைகள் உண்டு. நவராத்திரிக்கு முன் அங்கே நடைபெறும் கொலு பொம்மைக் கண்காட்சிக்குச் செல்பவர்கள், பொம்மை வாங்கிய கையோடு பாயும் பெட்டியும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம். பெயர் நெய்த கல்யாணப் பாய் மட்டும் கடையில் எடுத்துவரும் பொருள் அன்று. தை மாதத் திருமணத்துக்கு வேண்டுமெனில் புரட்டாசியிலேயே சொல்லிவிடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை உலர நாட்கள் பிடிக்கும். மணமக்களின் பெயர்களை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், எழுதியபடியே நெய்வார்கள்.