மாநாட்டுக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை?



வலைப்பூ எழுதுகிறவர்களும், சொந்தமாக இணையதளம் அமைப்பவர்களும் ஓர் இடத்தில் கூடிப் பேசும் சந்திப்புகள் நம் ஊர்களில் நடக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் கூட்டம் முடிந்து வெளியிடும் புகைப்படத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சட்டைகள். நடுவில் எங்கோ நாலு புடவை, ரெண்டு சுடிதார்! அமைப்பாளர்களைக் கேட்டால், "நாங்க எல்லாரையும்தானே கூப்பிட்டோம்? லேடீஸ்தான் வரமாட்டேங்கறாங்க" என்கிறார்கள். ஏன் வருவதில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'இது கம்ப்யூட்டர் படித்தவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! சமையல் குறிப்பு, கோலம், கைவைத்தியம், தையல் என்று நம்மில் எத்தனையோ பேர் செல்போனிலேயே எழுதுகிறோம், படம் பிடித்துப் போடுகிறோம். அதெல்லாம் யாருடைய இடத்தில் இருக்கிறது? அடுத்தவர் வீட்டுத் திண்ணையில்! அவர் கதவைச் சாத்தினால் நம் சாமானும் உள்ளேயே போய்விடும். ஆர்குட்டை 2014-ல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019-ல் போயிற்று. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பெண்களுக்கு, பார்க்க வந்த கூட்டம் ஒரே நாளில் காணாமல் போனது.

சொந்த இணையதளம் என்பது தனிக்குடித்தனம் மாதிரி. பெயரும் முகவரியும் நம்முடையவை. வருஷா வருஷம் அதற்கும், தளம் இருக்கும் இடத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும், வாஸ்தவம்தான். ஆனால் இடம் கொடுத்த கம்பெனி சரியில்லை என்றால், அதே முகவரியோடு சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் 2003-ல் வந்தது. இன்று உலகிலுள்ள இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் இயங்குகின்றன. அந்த மென்பொருளுக்குக் காசு கிடையாது. ஆக, பணம் மட்டும் தடையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கும் இடம்தான் இந்த மாநாடு.

'வேர்ட்கேம்ப்' என்ற பெயரில் 2006-ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்து, இன்று உலகம் முழுக்க ஊர் ஊராக இதை நடத்துகிறார்கள். நடத்துவது அந்தந்த ஊர்க்காரர்களே. அமைப்பாளருக்கும் சம்பளமில்லை, பேச்சாளருக்கும் பணமில்லை. நுழைவுச்சீட்டு விலையும் குறைவு. நம் தமிழ்ப் பதிவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2007-லேயே சென்னையில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. பிறகு 2012, 2013-ல் சென்னை, 2014-ல் மதுரை, 2015-ல் புதுக்கோட்டை என்று பதிவர்கள் கைக்காசு போட்டும் நன்கொடை திரட்டியும் திருவிழாவாகவே கூடினார்கள்.

புதுக்கோட்டை என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 'பெண்களும் ஓட்டலாம்' என்று நோட்டீஸ் ஒட்டியதோடு விட்டிருந்தால் அது நடந்திருக்குமா? பெண்களையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். எழுத்து கற்றதோடு ஏறி ஓட்டவும் தைரியம் வந்தது. இணையதளம் நம் காலத்துச் சைக்கிள்! பின்னால் பிடித்துக்கொள்ள நம்மைப் போல ஒருத்தி வேண்டும்.

ஆனால் நம் ஊரில் மாநாடு எப்படி நடக்கிறது? நான் கோலத்துக்கென்று ஒரு சிறு வலைப்பூ வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு சந்திப்புக்குப் போயிருந்தேன். நடத்தியவர்கள் நல்லவர்கள், மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனாலும் வந்திருந்த பெண்களைப் பார்த்து, "அம்மா, நீங்க வரவேற்புல நின்னு பன்னீர் தெளிச்சு, பேட்ஜ் குத்தி விட்டுடுங்க" என்றார்கள். உள்ளே ஹாலில் 'தளத்தைப் பாதுகாப்பது எப்படி' என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்ளப் போன நாங்கள் வாசலில் நின்று சந்தனக் கிண்ணத்தைப் பாதுகாத்துக்கொண்டிருந்தோம்! சாப்பாட்டு நேரத்தில் பரிமாறவும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். இது யார் மனதிலும் இருந்த கெட்ட எண்ணம் இல்லை. திட்டம் போட்ட பத்துப் பேரில் ஒரு பெண்கூட இல்லாததால் வந்த வினை.

ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பாள்?

முதலாவது, நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் ஆண்களுக்கு வசதி. வீட்டில் எல்லோரும் இருக்கிற அந்த ஒரு நாளில்தான் நமக்கு வேலை இரட்டிப்பு! சனிக்கிழமை பத்தரைக்கு ஆரம்பித்து, நாலு மணிக்கு முடித்தால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

இரண்டாவது, இடம். டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடமோ கல்லூரியோ கிடைத்தால் போதும். ஏ.சி. ஹால் வேண்டாம். தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இது சரியில்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது நாம்தானே?

மூன்றாவது, குழந்தைகள். பக்கத்து வகுப்பறையில் ஒரு பாய், கொஞ்சம் விளையாட்டுச் சாமான், பார்த்துக்கொள்ள நம்பகமான இருவர், பால் கொடுக்க ஒரு தடுப்பு. வெளிநாட்டுப் பெரிய மாநாடுகளில் குழந்தைக் காப்பகமே வைக்கிறார்கள். நாம் இவ்வளவாவது செய்யலாம்.

நான்காவது, புகைப்படம். இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை. புனைபெயரில் எழுதும் பெண்கள் உண்டு. வீட்டில் சொல்லாமல் எழுதுகிறவர்களும் உண்டு. 'வலையில் நம்ம படம் வந்துடுமோ' என்ற பயத்திலேயே பலர் படியேறுவதில்லை. சில வேர்ட்கேம்ப்களில், படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு அடையாள அட்டையை வேறு நிறக் கயிற்றில் கொடுக்கிறார்கள். பத்து ரூபாய்க் கயிறு! அட்டையிலும் சொந்தப் பெயருக்குப் பதில் வலைப்பூவின் பெயரைப் போட்டுக்கொள்ள விடலாம். தொல்லை ஏதும் நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெண்ணின் பெயரைக் காலையிலேயே மேடையில் அறிவித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, மொழியும் மேடையும். பேச்சு தமிழில் இருக்கட்டும். 'டொமைன், ஹோஸ்டிங்' என்று அடுக்குகிறவர் அவை என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லட்டும். பேச்சைக் கேட்பதோடு நிற்காமல், வந்தவள் சாயங்காலம் போகும்போது தன் பெயரில் ஒரு பக்கமாவது திறந்துவிட்டுப் போக வேண்டும். அதை மேடையில் சொல்லித்தருகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும்.

"அப்ப நீங்களே தனியா ஒரு மகளிர் மாநாடு நடத்திக்கலாமே?" என்று கேட்பார்கள். நடத்தலாம், தப்பில்லை. அமெரிக்காவில் 'பெண் பதிவர்கள் எங்கே?' என்ற கேள்வி எழுந்துகொண்டிருந்த காலத்தில், மூன்று பெண்கள் சேர்ந்து 2005-ல் கலிபோர்னியாவில் 'பிளாக்ஹெர்' என்ற மாநாட்டைக் கூட்டினார்கள். முதல் தடவையே ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். பெண்கள் எங்கேயும் போய்விடவில்லை, கூப்பிடும் விதத்தில் கூப்பிட்டால் வருகிறார்கள் என்பது அன்றே தெரிந்துபோயிற்று. ஆனாலும் பொது மாநாட்டில் நமக்கிருக்கும் பங்கை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? தனியறை ஒதுக்கிக் கொடுத்துவிட்டால், கூடத்துக்கு வரவே கூடாது என்று அர்த்தமா?

"எல்லாம் யூடியூபிலேயே இருக்கே" என்றும் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் நடுவில் தளம் திறக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது? மாநாட்டில் அறிமுகமானவர்களில் ஒருத்தியாவது போன் செய்தால் எடுப்பாள். அந்தப் பழக்கம்தான் மாநாட்டின் முழு லாபமும்.

"பெண்களுக்கு இதையெல்லாம் கட்டி மேய்க்கத் தெரியுமா?" என்ற சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நம் மாநிலத்தில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பதில் சொல்லும். கணக்கு நோட்டு, தீர்மான நோட்டு, வங்கி, கடன் என்று எல்லாம் நாம் பார்த்ததுதான். நூறு பேருக்குச் சாப்பாடு சொல்வதும், வரவு செலவு எழுதுவதும் ஒரு வீட்டு விசேஷத்தைவிடப் பெரிய காரியமா என்ன?

எனவே அமைப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த மாநாட்டுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே உங்கள் குழுவில் குறைந்தது மூன்று பெண்களைச் சேருங்கள். அதில் ஒருவர் கைக்குழந்தைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அழைப்பிதழ் அச்சடித்த பிறகு கூப்பிட்டால் பன்னீர் தெளிக்க மட்டும்தான் நேரமிருக்கும்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் இப்படியொரு கூட்டம் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டால், "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்காதீர்கள். "கமிட்டி எப்ப கூடுது?" என்று கேளுங்கள்!

- ஒரு வாசகி, திருச்சி.