செவிலியறம்

அகப்பொருள் நூல்களைப் பயில்வார்க்குச் செவிலித்தாய் என்னும் பெயர் புதிதன்று. தலைமகளைப் பெற்றவள் நற்றாய். ஊட்டியும் உறக்கியும் அவளை ஆளாக்கியவள் செவிலி. அங்ஙனம் ஆளாக்கிய பெண் ஒருநாள் தலைவனோடு புறப்பட்டுப் போய்விடுவாள். வளர்த்த கைகள் வெறுங்கைகளாகும். எனினும் நம் பழம்புலவர் செவிலியை ஏமாந்தவளாக மட்டும் பாடி விட்டுவிடவில்லை. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டிலே, மகள் மணந்து வாழும் மனைக்குச் சென்று, அவள் இல்லறம் நடத்தும் அழகைக் கண்டு மீண்டு, அதனை நற்றாய்க்கு உரைக்கும் செவிலியைக் கூடலூர் கிழார் நமக்குக் காட்டுகின்றார். வளர்த்தல் தன் கடன். வளர்ந்தபின் வாழுமிடம் வேறு என்பதை அறிந்தவள் அவள்.

இவ்வறம் மக்களுக்கு மட்டுமே உரியதோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். தாயின்றித் தெருவிலே கிடக்கும் பூனைக்குட்டிகளைச் சில வாரம் இல்லத்தில் வைத்து வளர்த்து, பின்னர்த் தக்க மனையொன்றில் ஒப்புவிக்கும் தொண்டினைக் குறித்தே எழுதுகின்றோம். பூனையைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று நகைப்பாரும் உளராவர். அன்னார்க்கு ஒன்று நினைவூட்டுவோம். வெருகின் இளமைப் பெயர் குட்டி என்பதனைத் தொல்காப்பியர் மரபியலிலே இலக்கணமாகவே வகுத்துள்ளார். வைணவருள் தென்கலையார், இறைவனிடம் முற்றும் அடைக்கலம் புகும் உயிருக்குத் தாயின் வாயிலே தொங்கும் பூனைக்குட்டியையே உவமையாக்கினர். இலக்கணமும் சமயமும் இடங்கொடுத்த உயிருக்கு மலரில் இரண்டு பக்கம் கொடுப்பதால் குறையொன்றும் நேராது.

நிற்க. சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவு, எம் தெருமுனைச் சாக்கடையோரம் கிடந்த கோணிப்பை ஒன்றிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. பையின் வாய் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தபோது, கண் திறவாத குட்டிகள் நான்கு நனைந்து கிடந்தன. கட்டியவர் யாவரென அறியோம்; அறியவும் வேண்டா. யாம் சொல்லப்போவது எம் பிழையையே.

வீட்டிற்குக் கொணர்ந்தவுடன் யாம் செய்த முதற்காரியம், பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, குழந்தையை மடியில் மல்லாத்திப் புகட்டுவதுபோல அக்குட்டிகளுக்குப் புகட்டியதே. இரக்கத்தால் எம் உள்ளம் நிறைந்திருந்தது. விடியுமுன் ஒரு குட்டி இறந்தது. காலையில் எஞ்சிய மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் கடியவில்லை, ஆனால் அவர் பொறுமையோடு எடுத்துச் சொன்ன ஒவ்வொன்றும் எமக்குக் கடிதலாகவே இருந்தது. குளிர்ந்த உடலோடிருக்கும் குட்டிக்குப் பால் செரியாது. முதலில் அதனை மெல்ல மெல்ல வெதுவெதுப்பாக்க வேண்டும். பசும்பால் பூனைக்குட்டியின் வயிற்றுக்கு ஒவ்வாது. கழிச்சலை உண்டாக்கி உடலின் நீரை வற்றச் செய்யும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலிற் புகும். இம்மூன்று பிழையையும் யாம் ஓரிரவிலே செய்து முடித்திருந்தோம்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் வகுப்பறையிலே வியந்து படித்தவர் யாம். பயன்படுமோ படாதோ என்று எண்ணாது கொடுத்தலைக் கொடைமடம் என்று புலவர் புகழ்ந்தனர். மயில் போர்வையை உடுத்தாவிடினும் மயிலுக்குக் கேடில்லை. ஆனால் எம் கொடைமடத்தால் ஓர் உயிர் போயிற்று. அன்புக்கு அறிவு துணையாதல் வேண்டும் என்பதை அச்சிறு உடலைத் தோட்டத்திலே புதைத்த அன்று கற்றோம். அதனாலேயே இக்கட்டுரையில், அருள் என்னும் பெருஞ்சொல்லைச் சொல்லி நிறுத்தாமல், செய்ய வேண்டியன இவை என்று சிலவற்றை எழுதத் துணிந்தோம்.

குட்டிகளைக் கண்டவுடன் எடுத்துவிடலாகாது. தாய் இரைதேடப் போயிருக்கலாம். அவை உலர்ந்தும் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருப்பின், தொலைவில் நின்று சில மணி நேரம் பார்த்தல் வேண்டும். தாயினும் சிறந்த செவிலி இல்லை. தாய் வாராதென்பது தெளிந்தால், அல்லது எமக்கு நேர்ந்ததுபோல் மனிதரே எறிந்து சென்றனர் என்பது வெளிப்படையானால் மட்டுமே எடுத்தல் தகும்.

பிறந்த குட்டியின் நிறை ஏறத்தாழ 100 கிராம். முதற்சில வாரங்களில் அது தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள மாட்டாது. ஆதலின் ஒரு பெட்டியில் துணி விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கம் மட்டும் வைத்து, சூடு மிகுந்தால் விலகிக்கொள்ள மறுபக்கம் இடமும் விடல் வேண்டும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவையே கரைத்துச் சிறு புட்டியால், குட்டி வயிற்றின்மேற் படுத்திருக்கும் நிலையில் ஊட்டல் வேண்டும். முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு அல்லது மூன்று மணிக்கொருமுறை ஊட்டவேண்டிவரும். தாய் நாவால் நக்கிச் செய்யும் பணியையும் நாமே செய்தல் வேண்டும். ஊட்டும்போதெல்லாம் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள துணியால் துடைத்துவிட்டாலன்றிப் பச்சிளங்குட்டி சிறுநீரும் மலமும் கழியாது. நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துவரின், 10 முதல் 15 கிராம் வரை ஏறிவருதல் காணலாம். ஒருநாள் ஏறாவிடின் கவலை. குறைந்தால் உடனே மருத்துவரை நாடல் வேண்டும்.

கண் ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் திறக்கும். மூன்றாம் வாரத்திற் பல் முளைக்கத் தொடங்கும். நான்காம் வாரமளவில் குழைந்த உணவை நக்கவும், மணல் தட்டிற் காலால் பறிக்கவும் கற்கும். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை உள்ள காலமே, மனிதர் கையும் குரலும் அச்சமற்றவை என்று அதன் உள்ளம் அறியும் காலம். அப்பருவத்தை மனிதரைக் காணாது கழித்த குட்டி பெரும்பாலும் எவரிடத்தும் எளிதில் ஒட்டாது. காப்பகத்திலே பல உயிர் நெருங்கியிருப்பதால் தொற்றுநோய் எளிதிற் பரவும். தடுப்பாற்றல் முதிராத குட்டிகள் அதற்கு முதலிரையாகும். ஓர் இல்லத்தின் மூலையறையே குட்டிக்குப் பாதுகாப்பும் பள்ளியும் ஆவது இதனாலென்க.

எம் தாயார் பூனை வளர்ப்பதை விரும்பாதவர். மீன் வாங்கும் வீட்டிலே பூனைக்கு இடமில்லை என்பது அவர் கொள்கை. முதல் மூன்று நாள் அவர் அப்பெட்டியின் பக்கமே வரவில்லை. நான்காம் இரவு, கண்விழிக்க மாட்டாது யாம் அயர்ந்துவிட, இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது, அவரே அடுக்களை விளக்கின் கீழ் அமர்ந்து புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், தேர்வு வருகிறதே, போய்ப் படு என்றார். அதன்பின் இரவுப்பணி அவருடையதாயிற்று.

இனி, இத்தொண்டினைக் குறித்து எழும் மறுப்புகளை ஆராய்வோம்.

பசியால் வாடும் மக்கள் பலர் இருக்கப் பூனைக்கு இரங்குதல் முறையோ என்பர் சிலர். இரக்கம் என்பது குடத்து நீர் அன்று, ஒருவர்க்கு வார்த்தால் மற்றவர்க்குக் குறைந்துபோவதற்கு. அஃது ஊற்று, இறைக்க இறைக்கச் சுரக்கும். 1824-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் விலங்குகட்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சங்கத்தைத் தோற்றுவித்தவர் ஆர்தர் புரூம் என்னும் குருவானவர். அவரோடு அமர்ந்தவருள் ஒருவர், மக்களை அடிமைகளாக விற்கும் வாணிகத்தை ஒழிக்கப் பல்லாண்டு போராடிய வில்பர்போர்ஸ். மனிதர்க்கு இரங்கிய நெஞ்சே விலங்கிற்கும் இரங்கிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நம் சென்னையிலே 1959-இல் நீலச் சிலுவைச் சங்கம் தோன்றியதும், உருக்குமிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்ததும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கன.

கொடுத்துவிடப் போகும் உயிரை ஏன் வளர்க்க வேண்டும்? வளர்த்தபின் கொடுப்பது கன்னெஞ்சன்றோ என்பர் வேறு சிலர். இம்மறுப்பே எம்மை மிக வருத்தியது. ஏனெனில் எம் உள்ளமும் அதனையே சொல்லிற்று. ஆனால் எண்ணிப் பார்மின். பிடித்த குட்டிகளையெல்லாம் தமக்கென்றே வைத்துக்கொள்ளும் இல்லம் இரண்டாம் ஆண்டிலே நிரம்பிப்போம். மூன்றாம் ஆண்டில் வரும் குட்டிக்கு அங்கே இடமிராது. கொடுக்கும் இல்லமோ ஒவ்வோர் ஆண்டும் வாயில் திறந்திருக்கும். நல்ல சமாரியன் காயமுற்றவனைத் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்றானல்லன். காயங்கட்டி, சத்திரத்திற் சேர்த்து, செலவுக்குக் காசும் கொடுத்து, மீண்டு வருவதாகச் சொல்லித் தன்வழி போனான். எனினும் பிறனுக்கு அயலானாக விளங்கியவன் அவனே என்று நம் ஆண்டவர் காட்டினார்.

ஆயினும் கொடுத்தல் வேறு, தள்ளிவிடுதல் வேறு. இதிலும் யாம் ஒருமுறை தவறினோம். எட்டாம் வாரம் நிறைந்ததும், கேட்டவர்க்கு மகிழ்ந்து ஒரு குட்டியை உடனே கொடுத்தோம். ஒரு வினாவும் வினவினோமல்லோம். மூன்று வாரத்திற்குப் பின் அதனைச் சந்தைப்பக்கம் மெலிந்து திரியக் கண்டு எடுத்துவந்தோம். வளர்த்த உயிரைத் தெருவில் விடுதல் முன் சொன்ன சட்டத்தின்படியும் குற்றமே. அதன்பின் வினவக் கற்றோம். வீட்டார் அனைவர்க்கும் உடன்பாடோ? மதிலும் மாடியும் எப்படி? தடுப்பூசிகளை முறைப்படி போடுவிப்பீர்களோ? உரிய பருவத்திற் கருத்தடை செய்விப்பீர்களோ? இவ்விறுதி வினாவே தலையாயது. பெண்பூனை ஐந்தாம் மாதத்திற்குள்ளேயே கருவுறவுங் கூடும். சுமக்கும் காலம் ஏறத்தாழ ஒன்பது வாரமே. இதனை மறந்து குட்டிகளை வளர்த்துக் கொடுத்தல், அணையில் உடைப்பிருக்க அகப்பையால் நீர் மொள்வதை ஒக்கும்.

வளர்ப்பார் தம்மையும் காத்துக்கொள்ளல் வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, தாழாது மருத்துவரிடம் செல்க. வெறிநோய் வந்தபின் பிழைத்தல் அரிது. புதிதாக வந்த குட்டியை வீட்டிலுள்ள பிற பூனைகளோடு உடனே சேர்க்கவும் வேண்டா.

மாணவ நண்பர்காள்! இறுதியாக நம்மையே நோக்கி ஒன்று கூறுவோம். விடுதி உணவுச்சாலையின் பின்புறம் பூனைகள் உலவுதலை யாவரும் அறிவோம். ஆனி முதல் பங்குனி வரை மீன்முள்ளும் சோறும் இட்டு, பெயரும் சூட்டி, மடியில் ஏற்றிக் கொஞ்சுகின்றோம். கோடை விடுமுறை வந்ததும் பெட்டி கட்டிப் புறப்படுகின்றோம். உணவுச்சாலை அடைக்கப்படும். நம்மை நம்பிக் குட்டி ஈன்ற தாய்ப்பூனை பூட்டிய கதவின்முன் எத்தனை நாள் காத்திருக்கும்? கோணிப்பையின் வாயைக் கட்டினவரை யாம் முன்பு குறை கூறினோமல்லோம், காரணம் இதுவே. அவர் ஓரிரவிற் செய்ததை நாம் ஓராண்டு கொஞ்சியபின் செய்கின்றோம்.

ஆகவே எம் வேண்டுகோள் பெரிதன்று. விடுதியிலுள்ளோர் குட்டிகளை வளர்க்க விதி இடந்தாராது. ஆனால் வீட்டிலிருந்து வருவோர் நம்மிற் பலர் உளர். ஆண்டிற்கு ஒரு குட்டிக்கூட்டத்தை எட்டு வாரம் ஏற்க ஐந்து இல்லங்கள் போதும். விடுதி மாணவர் பால்மாவுக்கும் மருத்துவச் செலவுக்கும் காசு திரட்டலாம். ஏற்கும் மனைகளைத் தேடலாம். வளாகத்துப் பூனைகட்குக் கருத்தடை செய்விக்க, கல்லூரியின் இசைவு பெற்றுக் கால்நடை மருத்துவரை அணுகலாம். பணி புரியும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிக்கின்றனர். அவர்தம் இல்லங்களிலும் ஒரு குட்டிக்கு இடமிருக்கும்.

எம் குட்டிகள் மூன்றும் இப்போது மூன்று மனைகளில் வாழ்கின்றன. கடைசிக் குட்டியை ஒப்புவித்த அன்று எம் தாயார் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார், வழியனுப்ப வந்தாரல்லர். சென்ற திங்கள் அவ்வீட்டிற்குச் சென்றோம். நூற்பந்தைத் துரத்தித் திரிந்த அக்குட்டி எம் தாயாரை ஏறிட்டுப் பார்த்தது. அறிந்ததோ அறியாததோ தெரியவில்லை. மீண்டும் பந்தின்பின் ஓடிற்று. வரும் வழியிலே அவர், நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். குறுந்தொகைச் செவிலியின் உரையும் அதுவன்றோ?

அன்னாள் தன் மகன் சாமுவேலைப் பால் மறக்கும்வரை வளர்த்து ஆலயத்தில் ஒப்புவித்தாள். பின்னும் ஆண்டுதோறும் சிறு சட்டையொன்று தைத்துக் கொண்டுபோனாள். வளர்த்துக் கொடுத்தவர் அன்பு கொடுத்தபின் குறைவதில்லை. அடுத்த மழைக்காலம் அணித்தே உளது. நம் வாயில்களைத் திறந்து வைப்போமாக.