ஆடையை எடுத்தபின் பாலைப் பழிக்கலாமா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் எமது பத்திரிகைகளின் பக்கங்கள் பிள்ளைகளின் படங்களால் நிறைந்துவிடுகின்றன. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்தால் எந்தப் பாடசாலைக்கு எத்தனை ‘ஒன்பது ஏ’ என்ற கணக்கு. அதைக்கொண்டு குடாநாட்டில் எது முதல், எது கடை என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. இந்த ஒப்பீடு தவறானது மட்டுமன்று, அநீதியானதும்கூட.

யாழ். இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி போன்றவற்றின் தரம் 6 அனுமதிக்குக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் தனித்தனி வெட்டுப்புள்ளிகளை அறிவிக்கிறது. ஊர்ப் பாடசாலைகளில் முன்னணியில் நின்ற பிள்ளைகள் பத்து வயதில் அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்படுகின்றனர். எஞ்சியோரை ஊர்ப் பாடசாலை தரம் 11 வரை கரைசேர்க்கவேண்டும். பின்னர் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறோம்! ஆடையை வழித்தெடுத்தவர், மிஞ்சிய பாலைத் தண்ணீர் என்று பழிப்பதை ஒத்தது இது. (அந்தப் பாலும் நல்ல பால்தான். பத்து வயதில் எழுதிய ஒரு பரீட்சை ஒரு பிள்ளையின் அறிவை அளந்துவிடாது.)

1940களில் கன்னங்கரா மத்திய பாடசாலைகளை அமைத்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு உயர்ந்த கல்வியின் கதவைத் திறப்பதே புலமைப்பரிசிலின் நோக்கமாக இருந்தது. இன்றோ ரியூசனுக்குச் செலவிட வசதியுள்ள பெற்றோருக்கே அக்கதவு அகலத் திறக்கிறது.

நெடுந்தீவு மகா வித்தியாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுக்குப் பாலம் இல்லை. வெளியிலிருந்து செல்லும் ஆசிரியர் குறிகட்டுவானில் படகேறவேண்டும். காற்றுக் கடுமையானால் அதுவும் இல்லை. ஆனால் அங்குள்ள பிள்ளைக்கும் வேம்படி மாணவிக்கும் ஒரே வினாத்தாள்தான். காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் இடம்பெயர்ந்து, 2016இல்தான் சொந்த நிலத்துக்கு மீண்டது. இருபத்தாறு ஆண்டு அகதி வாழ்வை ‘ஒன்பது ஏ’ப் பட்டியலின் எந்த நிரலில் பதிவது?

“திறமைக்கு மதிப்பில்லையா?” என்று பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர்கள் சீறுவார்கள். உண்டு, ஐயா. தேர்ந்தெடுத்த பிள்ளைகள் சித்தியடைவதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு என்பதே என் கேள்வி. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இராப்போசன விருந்து நடத்திச் சேர்க்கும் பணம் பெரும்பாலும் அந்தப் பெரிய மதில்களுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. தாம் முதலில் அரிச்சுவடி படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நினைவு எத்தனை பேருக்கு வருகிறது?

பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒப்பிடுவதாயின் முழுமையாக ஒப்பிடுங்கள். தரம் 6இல் சேர்ந்தோர் எந்த நிலையில் வந்தனர், அவர்களுள் எத்தனை பேர் தரம் 11இல் பரீட்சை எழுதினர், இடையில் நின்றவர்கள் எங்கே போயினர், கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இருந்தாரா என்பவற்றை வெளியிடுங்கள். படங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.