கிளட்ச் மட்டுமா குற்றவாளி?



எங்கள் பழைய வேனை உங்களில் பலருக்குத் தெரியும். கொஞ்ச நாளாக முதல் கியரில் கிளட்சை விட்டதும் உதறியது. "கிளட்ச் பிளேட் போச்சு சார், செட்டா மாத்திரணும்" என்றார் ஒரு மெக்கானிக். நானும் வேனை ஓட்டும் மருமகனைத் திட்டினேன்: "எப்பவும் கிளட்ச் மேலயே காலை வச்சிருந்தா இப்படித்தாம்லே ஆகும்!"

என் கருத்து இதுதான்: சோதிக்காமல் பாகத்தை மாற்றுவது வைத்தியம் ஆகாது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தாலும் வண்டி உதறும். ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் உதறும். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் உதறல் திரும்பவும் வரும். கேபிள் இறுகினாலும் அப்படித்தான்.

கியர்பாக்ஸை இறக்கும் முன், சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்சை லேசாக விடட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். இன்ஜின் அளவுக்கு மீறித் தூக்கிக் குலுங்கினால் முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள்.

எங்களுக்கும் அந்த ரப்பர்தான். மாற்றியபின் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி, தென்காசி வழியாகக் குற்றாலம் போய்வந்தோம், உதறவே இல்லை.

மருமகனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பிலும் காரணம் விசாரிக்காமல் சிலரை அடித்திருக்கிறேன். அவர்கள் இதைப் படித்தால், அவர்களிடமும் கேட்கிறேன்.